முன்கையில் எழுந்த ஐந்து விரல்கள்

எனக்கு ஒன்பது வயது முடிகிற மட்டும், வாழைப்பழத்தின் ருசி என்பதே தொண்டையில் எழும் அந்த நமநமப்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மிளகாய் காரமாக இருக்கிறது என்று யாரும் யாரிடமும் போய்ப் புதிதாகச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால் அப்பா வாழைக்காரர். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த இரண்டு ஏக்கரிலும் வாழைதான். அது போதாதென்று சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் தார் பேசி, வெட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி மண்டிக்கு அனுப்புவார். அவருடைய சட்டைகளில் வாழைக்கறை படாத சட்டை கிடையாது. வீட்டுக்குள் எந்நேரமும் ஒரு தார் பழுத்துக்கொண்டிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம், வாழைக்காரன் மகளுக்கு வாழைப்பழம் ஆகாதாம் என்று சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பு எல்லா நாளும் அப்படியே இருக்காது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்து எழுந்த எனக்குத் தெம்பு வரட்டும் என்று ரஸ்தாலியைப் பிட்டுப் பிட்டு அவரே வாயில் வைத்தார். நான் துப்பத் துப்ப விடாமல் வைத்து, ஒரு பழத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்று சாயங்காலம் வரை வாந்தி எடுத்தேன். அடம் முற்றிப்போய்விட்டது என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான்காம் வகுப்பு படிக்கும்போது தீபாவளி முடிந்த கையோடு கடைவாய்ப்பல்லில் வலி வந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி நான் யாரையும் தூங்கவிடவில்லை என்பதால் மறுநாள் காலையில் அப்பா என்னை அறந்தாங்கிக்கு அழைத்துப் போனார். மருந்துக்கடை ஒன்றுக்கு மேலே, மாடியில் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். இளம் வயதுப் பெண். படித்து முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. படித்ததில் ஒன்றைக்கூட விட்டுவிடாமல் அப்படியே செய்கிறவர் என்று ஊரில் பேர். அதைச் சிலர் பாராட்டாகவும், காத்திருந்து அலுத்துப்போன சிலர் வேறு மாதிரியும் சொன்னார்கள்.

அந்த நாற்காலியை நான் இன்றும் மறக்கவில்லை. டாக்டர் காலால் எதையோ மிதித்தார். நாற்காலி சாய்ந்து, நான் அசையாமலேயே படுத்துவிட்டேன். தலைக்கு மேலே ஒரு விளக்கு. விரல்நுனி அளவுக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டு, நான் பிறந்ததிலிருந்து பார்த்தே இராத என்னுடைய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல்லைத் துடைத்து, தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். ஊசி எதுவும் போடவில்லை. பேருந்தில் திரும்பும்போதே எனக்கு உதடு கனக்க ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கீழ் உதடு பணியாரம்போல வீங்கியிருந்தது. பல்லில் இருந்த சீழ் உதட்டுக்கு இறங்கிவிட்டது என்று ஒத்தடம் கொடுத்தார்கள். விடியும்போது வீக்கம் வடிந்திருந்தது. அதோடு அதை எல்லோரும் மறந்தோம்.

அடுத்த வாரம் போனபோது நல்ல மழை. அம்மாவுக்கு அன்று ஏதோ வேலை. நானும் அப்பாவும்தான் போனோம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே டாக்டரும், அவருக்கு உதவியாக இருந்த நடுவயது அக்காவும். டாக்டர் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். முதலில் ஈறில் இனிப்பாக ஒரு களிம்பு. பிறகு எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு ஊசி. கன்னம் மரத்துக் கட்டையானதும், மெல்லிய ரப்பர் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு துளை போட்டு, சின்னச் சட்டத்தில் இழுத்து மாட்டி வாயை மூடினார். அந்தத் துளை வழியாக என் சொத்தைப் பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. எச்சில் படாமல் வேலை செய்ய அது வேண்டுமாம். அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே ஒரு பல்லுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று பெருமையாக இருந்தது. வாய் மூடியிருக்கும், பேச முடியாது, வலித்தால் இடது கையைத் தூக்கு என்று சொல்லியிருந்தார்.

வலிக்கவில்லை. முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். காது மடல் இரண்டும் சுட்டன. மரத்துப்போன வாய்க்குள் எனக்கு மிகவும் பழக்கமான அந்த நமநமப்பு எங்கிருந்தோ வந்து, தொண்டைக்கு இறங்கி, நெஞ்சுக்கும் போனது. வாழைப்பழமே தின்னாமல் இது எப்படி வந்தது என்று யோசித்தது நினைவிருக்கிறது. வலித்தால்தானே கையைத் தூக்கச் சொன்னார், இது வலி இல்லையே என்று கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன். மூச்சை இழுத்தால் பாதிதான் வந்தது. அப்புறம்தான் கையைத் தூக்கினேன்.

டாக்டர் அந்தக் கணமே நிறுத்தினார். ரப்பரை உருவி எடுத்து என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண் மாறியதை நான் பார்த்தேன். அக்காவிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார், அப்பாவை உள்ளே வரச் சொன்னார், நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். எல்லாம் ஒரே குரலில், அவசரமே இல்லாத மாதிரி. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. கையுறையோடு அதை உடைக்க வரவில்லை, வழுக்கியது. இரண்டு கையுறைகளையும் உருவி எறிந்துவிட்டு வெறுங்கையால் உடைத்தார். கண்ணாடி அவர் விரலைக் கீறி ரத்தம் வந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. என் தொடையில், பாவாடைத் துணிக்கு மேலேயே, ஊசியைக் குத்தினார்.

"பாப்பா, இப்ப நெஞ்சு படபடன்னு அடிக்கும். பயப்படாத. அது அடிச்சாத்தான் நல்லது."

அடித்தது. சொன்ன மாதிரியே அடித்தது. தார் ஏற்றிய குட்டியானை மேட்டில் ஏறுகிற மாதிரி உடம்பு முழுக்க உதறியது. என் கால்களை அப்பா தன் தோள்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. அது எத்தனை சுற்று சுற்றியதோ தெரியாது. யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல மூச்சு உள்ளே வந்தது. அதற்கு முன்னால் மூச்சு விடுவதை ஒரு காரியமாகவே நான் நினைத்ததில்லை. ஒரு தடவை இழுத்தேன், விட்டேன். இன்னொரு தடவை இழுத்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறேனே என்று ஆச்சரியமாக இருந்தது. மழையின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

ஆம்புலன்ஸில் டாக்டரும் ஏறிக்கொண்டார். செருப்பைப் போடாமலேயே வந்திருந்தார் என்பதை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான் பார்த்தேன். அங்கே நர்ஸ் ஒருவர் என் இடது முன்கையை அழுத்திப் பிடித்து, புறங்கையில் ஊசி ஏற்றி டியூப் மாட்டினார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சரியான நேரத்தில் மருந்து போட்டிருக்கிறீர்கள் என்று பல் டாக்டரிடம் சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சத்தம் போடத் தெரியாத மனிதர் அவர். மண்டியில் எவ்வளவு தகராறு வந்தாலும் குரலை உயர்த்தாமல் பேசி முடிப்பார். அதே குரலில்தான் கேட்டார்.

"எம் புள்ளைக்கு என்ன ஊசிங்க போட்டீங்க?"

டாக்டர் ஈறில் போட்ட ஊசியின் பேரைச் சொன்னார். எவ்வளவு போட்டார் என்பதையும் சொன்னார். களிம்பையும் சொன்னார். அந்த ஊசிதான் ஒத்துக்கொள்ளவில்லையா என்று அப்பா கேட்டதற்கு, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"எனக்கு இன்னும் தெரியலங்க. தெரியாம இங்கிட்டிருந்து நான் போக மாட்டேன்."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்றால் தெரிந்தவர் என்று அர்த்தம். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊசி கெட்டுப்போன ஊசியாக இருக்கும் என்று ஒருவர் அப்பாவின் காதில் படும்படி சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. குளிருதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மழையில் நனைந்ததால் இருக்கும் என்று நம்பினேன்.

சேதி கேட்டு அம்மா பேருந்து பிடித்து வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அழுதாள், என்னைத் தடவிப் பார்த்தாள், மறுபடி அழுதாள். அழுகைக்கு நடுவில், போன வாரம் வந்துவிட்டுப் போனபோதே உதடு வீங்கிக்கொண்டது, அன்றைக்கே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும் என்றாள்.

டாக்டர் கட்டிலிலிருந்து எழுந்தார். போன வாரம் ஊசி போடவில்லையே என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். களிம்பும் வைக்கவில்லை. கண்ணாடியும் அடைப்பும் உறை மாட்டிய கையும்தான் வாய்க்குள் போயின. இதைச் சொல்லிக்கொண்டே என் இடது கையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நானும் பார்த்தேன். என் முன்கையில் ஒரு கை இருந்தது. நர்ஸ் பிடித்திருந்த இடத்தில், நாலு விரல் ஒரு பக்கமும் கட்டைவிரல் மறுபக்கமுமாக, தோல் சிவந்து தடித்து எழும்பியிருந்தது. விரல்களின் நீளம்கூட அப்படியே தெரிந்தது. கட்டைவிரல் அழுந்திய இடத்தில் தடிப்பு கொஞ்சம் அகலமாக இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. என் தோல் எதையோ எழுதிக்காட்டுகிறது, அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எதிரில் நிற்கிறார் என்று தோன்றியது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு அவருடைய கையை என் முன்கைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். தொடவில்லை, அந்தரத்தில் வைத்துத்தான் பார்த்தார். அளவு பொருந்தியது. நர்ஸ் தன் கையில் மாட்டியிருந்த ரப்பர் உறையைப் பார்த்தார். டாக்டர் அவரை அந்த உறையைக் கழற்றிவிட்டுக் கைகழுவி வரச் சொன்னார். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராக வந்து, கேட்டார்.

"பலூன் ஊதுனா ஒனக்கு ஒதடு அரிக்குமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பலூன் ஊதினால் எனக்கு உதடு தடிக்கும். கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினத்திலும் அது தவறாமல் நடக்கும். சொன்னால் பலூன் வாங்கித் தர மாட்டார்கள் என்பதால் நான் அதை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. இரண்டே தடவை பார்த்த ஒருவருக்கு அது எப்படித் தெரிந்தது? சாமி வந்து ஆடுகிறவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தலையை ஆட்டினேன்.

"எதாச்சும் பழம் தின்னா தொண்டைக்குள்ள நமநமங்குமா? பப்பாளி, வாழப்பழம், இந்த மாதிரி?"

நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் தொழிலைப் பற்றிப் புகார் சொல்வதுபோல இருந்தது. டாக்டர் காத்திருந்தார். வாழைப்பழம் என்று மெதுவாகச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"இல்ல கண்ணு. எல்லாருக்கும் அப்படி இருக்காது."

அம்மா அழுகையை நிறுத்தினாள். டாக்டர் அப்பாவிடம் விளக்கிச் சொன்னார். ரப்பர் ஒரு மரத்தின் பால். கையுறை, பலூன், வாயில் மாட்டிய தாள் எல்லாம் அந்தப் பாலில் செய்தவை. சிலருடைய உடம்பு அந்தப் பாலை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பாலில் இருக்கிற சத்தைப் போலவே ஒன்று வாழைப்பழத்திலும் இருக்கிறது. அந்த உடம்புக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். முழுக்கச் சோதித்துப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றார். வாழைப்பழம் வேண்டாம் என்று இவள் சொன்னதே இல்லையா என்று கேட்டார்.

"சொல்லும்ங்க," என்றார் அப்பா. "நாங்கதான் அடம்னு நெனச்சோம்."

அதற்குப் பிறகு அவர் வெளியே போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் ஈரம். புழுக்கமாக இருக்கிறது, முகம் கழுவினார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மழைக் குளிரில் புழுக்கம் ஏது என்று நான் யோசிக்கவில்லை.

சில வாரம் கழித்துத் திருச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். என் கையில் பேனாவால் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு வைத்து ஊசிமுனையால் லேசாகக் கீறினார்கள். பல் ஊசி மருந்தின் கட்டம் சும்மா கிடந்தது. ரப்பர் பாலின் கட்டம் கொசுக்கடி போல எழும்பியது. வாழைப்பழத்தின் கட்டமும் எழும்பியது. அவ்வளவு சின்னதாக இருந்த அந்தச் சொட்டுகளைக் கண்டுபிடித்துச் சரியாகப் பதில் சொன்ன என் கையை நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னென்ன ஆகாது என்று ஒரு அட்டையில் எழுதி, பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வகுப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒரு அட்டை இல்லை. இரண்டு நாளைக்கு நான் அதை எல்லோருக்கும் காட்டினேன்.

பாதியில் நின்ற பல்லுக்கு மறுபடி அறந்தாங்கி போனோம். அப்பா யோசித்தார், நான்தான் அந்த டாக்டரிடமே போக வேண்டும் என்றேன். காலையில் முதல் ஆளாக வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே அறை முழுவதையும் கழுவித் துடைத்து, ரப்பர் கையுறை, ரப்பர் தாள் பெட்டிகளையெல்லாம் கீழே மருந்துக்கடைக்கு இறக்கிவிட்டார்களாம். உதவி செய்கிற அக்கா தலையில் மாட்டுகிற ரப்பர்பேண்டைக்கூடக் கழற்றிவிட்டு நூல் கட்டியிருந்தார். டாக்டர் நீல நிறத்தில் புதுக் கையுறை மாட்டியிருந்தார். ரப்பர் இல்லாதது, எனக்காகத் திருச்சியிலிருந்து வரவழைத்தது. முதலில் என் முன்கையில் ஒரு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும், வாசலில் நின்ற அப்பாவும், அந்த ஒரு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் எழும்பவில்லை. டாக்டர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மரத்துப்போகிற ஊசியை, அதே ஊசியை, மறுபடி போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரத்தில் பல் முடிந்தது. அந்தப் பல் இன்றும் இருக்கிறது.

வீட்டில் வாழைத்தார் தொங்குவது நின்றது. வாழையிலையும் நின்று தட்டு வந்தது. இலையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவுடன் கொல்லைப்பக்கமே போவார். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுவார். தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். காலையில் ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை. அந்தக் குளிரிலும் விடவில்லை. வந்த பிறகும் முன்போல என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வதில்லை. நான் நகர்ந்து பக்கத்தில் போனால் அவர் கொஞ்சம் நகர்வார். தன் தட்டிலிருந்து எனக்கு ஊட்டுவதும் நின்றுபோனது.

ஊரில் அப்போது ஆண்கள் பலர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர்களும் இருவேளை குளித்தார்கள், துவைத்ததையே கட்டினார்கள், யார்மேலும் படாமல் ஒதுங்கி நடந்தார்கள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா மாலை போட்டிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, அப்படித்தான் வச்சுக்கயேன் என்றாள். அதற்குப் பிறகு நானே எட்ட உட்கார்ந்துகொண்டேன். விரதத்தில் இருப்பவரைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவர் கழுத்தில் மணிமாலையைத் தேடினேன், காணவில்லை. சட்டைக்குள் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்ததும் எல்லோரும் மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றினார்கள். அப்பா எங்கேயும் போகவில்லை, எதையும் கழற்றவில்லை. மாசியிலும் கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பங்குனியிலும் கேட்டது. எந்தச் சாமிக்கு இத்தனை நாள் விரதம் இருக்கிறார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.